சீட்டு வாங்கியவன் பணம் யாருடைய பணம்?

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது பழமொழி. விமானக் கம்பனிகள் இரண்டுபட்டால் பிரயாணிக்குக் கொண்டாட்டம் என்பது கொழும்பிலும் சென்னையிலும் இன்று வழங்கும் புதுமொழி. ஒரு கம்பனி கட்டணத்தைக் குறைக்குமாம். எதிர்க் கம்பனி அதனினும் குறைக்குமாம். இடையில் நிற்கும் ஏழை பயன் பெறுவானாம். இக்கூற்றிலே பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியைப் புத்தளக் கரையோர மக்கள் அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகின்றோம்.

வென்னப்புவ, மாரவில, சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி என நீளும் இக்கரையிலே, உறவினர் ஒருவரேனும் கடல் கடந்து உழைக்காத தெருவைக் காண்பது அரிது. தென்முனையில் உள்ளவர்கள் இத்தாலிக்குப் போகின்றார்கள். வடக்கே உள்ளவர்களும், 1990இல் வடமாகாணத்திலிருந்து விரட்டப்பட்டு இங்கு வந்து குடியேறிய முஸ்லிம் மக்களும் பெரும்பாலும் வளைகுடா நாடுகளையே நாடுகின்றார்கள். கற்பிட்டி மணலிலே வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கும் கமக்காரன், விலை வீழ்ந்த பருவத்தில் மகனையோ மகளையோ அனுப்பத் துணிகின்றான். அந்தச் சீட்டுக்குரிய பணம் அடைவு வைத்த தாலிக்கொடியிலிருந்து வருவது. நமது களப்பு நண்டுகூட உயிரோடு பெட்டியில் ஏறி விமானத்திலேதான் சிங்கப்பூர் போகின்றது. பறப்பு ஒன்று நின்றால் நண்டு காத்திருக்காது. ஆகவே, விமானக் கம்பனிகளின் சச்சரவு எங்கோ மேல்நாட்டு முதலாளிகளின் வீட்டுச் சண்டை என்று நாம் இருந்துவிட முடியாது.

மலிவு விமானச் சேவைக்கு நாம் விரோதிகளல்லர். 1947 டிசெம்பர் 10இல் எயர் சிலோனின் முதற் பறப்பு இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. ஆயினும் அக்காலத்தில் ஏழையின் வாகனம் தலைமன்னார்க் கப்பலே. 1964 டிசெம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் வந்த யுத்தம் கடல்வழியை அடைத்தது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023இல் தான் மீண்டும் கப்பல் ஓடிற்று. இடைப்பட்ட காலமெல்லாம் தமிழகம் செல்ல விரும்பிய கூலியாளும் ஆகாய மார்க்கத்தையே நம்ப வேண்டியதாயிற்று. அவனுக்குக் குறைந்த கட்டணம் ஒரு வரப்பிரசாதம் என்பதை யார் மறுப்பார்?

ஆனால் அந்தக் குறைந்த கட்டணத்தை யார் கொடுத்தார்கள் என்பதே கேள்வி.

நமது நாட்டு வரலாற்றையே பார்ப்போம். ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸ் நிறுவனத்தில் 43 சதவீதத்துக்கு மேற்பட்ட பங்கு எமிரேற்ஸ் கம்பனியிடம் இருந்தது. 1998இல் செய்த பத்தாண்டு ஒப்பந்தப்படி நிர்வாகமும் அதன் கையிலேயே இருந்தது. பெரும்பங்கின் சொந்தக்காரர் இலங்கை அரசாங்கம். அதே அரசாங்கம் 2007 ஏப்ரலில் மிஹின் லங்கா என்ற மலிவு விமானக் கம்பனியைப் பறக்கவிட்டது. ஒரே முதலாளி, ஒரே சந்தியிலே, எதிரெதிராக இரண்டு கடை திறந்து, இரண்டுக்கும் நட்டம் வந்தால் ஊராரிடம் வசூலிப்பது போன்ற வியாபாரம் இது! அவ்வாண்டு டிசெம்பரில் லண்டனிலிருந்து திரும்பிய ஜனாதிபதியின் பரிவாரத்துக்கு இடமளிப்பதற்காக, ஏற்கெனவே சீட்டு வாங்கியிருந்த பிரயாணிகளை இறக்க முடியாது என்று ஸ்ரீலங்கன் நிர்வாகம் மறுத்தது. பிரதம நிறைவேற்று அதிகாரி பீற்றர் ஹில்லின் தொழில் விசா இரத்தாயிற்று. 2008இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. 2010இல் எமிரேற்ஸின் பங்கை 53 மில்லியன் டொலர் கொடுத்து அரசாங்கமே திரும்ப வாங்கிற்று. சண்டையின் மூலத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவனுக்கு அந்த ஆசனம் உரித்தா, அல்லது அதிகாரம் வேண்டும்போது எழுந்து கொடுக்க வேண்டிய இரவலா என்பதே அன்று எழுந்த பிரச்சினை. அக்கேள்விக்கு விடை கூறியவர் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது.

மிஹின் லங்காவின் கதி என்ன? தொடங்கி ஓராண்டு சென்றதும் கடன்சுமை தாங்காது 2008இல் பறப்பை நிறுத்திற்று. 2009 தொடக்கத்தில் அரசின் தாங்குதலுடன் மீண்டும் எழுந்தது. 2012இல் கொழும்பு - மதுரை வழியிலே அதுவும் இந்தியாவின் ஸ்பைஸ்ஜெட்டும் போட்டியாக இறங்கின. மதுரைக்குப் போகிறவர்களுக்கு அது நல்ல காலந்தான். 2016 ஒக்டோபரில் மிஹின் லங்கா மூடப்பட்டு, அதன் வழித்தடங்கள் ஸ்ரீலங்கனிடம் சென்றன. இரு கம்பனிகளிலும் நடந்த முறைகேடுகளை ஆராய 2018இல் ஜனாதிபதி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. ஸ்ரீலங்கன் வெளியிட்ட 175 மில்லியன் டொலர் கடன்பத்திரத்துக்கு அரசாங்கமே பிணை நின்றது. கடன் கொடுத்தவனுக்குத் திறைசேரி பிணை. சீட்டு வாங்கியவனுக்கு யார் பிணை?

அண்டை நாட்டிலே ஸ்பைஸ்ஜெட்டின் கதை இன்னும் விசித்திரமானது. சென்னைத் தொழிலதிபர் கலாநிதி மாறனிடம் இருந்த அக்கம்பனிக்கு 2014 டிசெம்பரில் எண்ணெய்க் கம்பனிகள் கடனுக்கு எரிபொருள் கொடுக்க மறுத்தன; விமானங்கள் தரையில் நின்றன; பிரயாணிகள் நிலையங்களில் தவித்தனர். 2015இல் கம்பனி அஜய் சிங்கிடம் கைமாறிற்று. பின்னர் கொடுக்கல் வாங்கல் பற்றி இருவருக்குமிடையே பிணக்கு மூண்டது. நடுவர் மன்றம் 2018இல் 579 கோடி இந்திய ரூபாவை மாறன் தரப்புக்குத் திருப்பிக் கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. டில்லி உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என வழக்கு ஏறி இறங்கிற்று. 1,300 கோடிக்கு மேற்பட்ட நட்டஈட்டுக் கோரிக்கை 2025இல் தான் தள்ளுபடியாயிற்று. இதில் எத்தரப்பு நியாயம் என்பது நமது கவலையன்று. பத்தாண்டு வழக்காட இரு தரப்புக்கும் வசதி இருந்தது. தரையில் நின்ற அந்நாளில் நிலையத்துத் திண்ணையிலே தவித்தவன் எந்த நடுவர் மன்றத்துக்குப் போவான்?

கோ ஃபர்ஸ்ட் என்னும் கம்பனியின் வீழ்ச்சி சட்டம் பயின்றோர் ஊன்றிப் படிக்க வேண்டிய பாடம். இயந்திரம் செய்து கொடுத்த அமெரிக்கக் கம்பனியின் மீது பழிகூறி, 2023 மே 2இல் அது தானாகவே நொடிப்பு மனுச் செய்தது. நொடிப்புச் சட்டத்தின் தடைக்கட்டளையினால், வாடகைக்கு விமானம் கொடுத்தவர்கள் அவற்றை மீட்க முடியாமற் போயிற்று. உலகச் சந்தையிலே கூக்குரல் எழுந்தது. ஐந்தே மாதத்தில், ஒக்டோபர் 3இல், விமானங்களை அத்தடையிலிருந்து விலக்கி இந்திய அரசு அறிவித்தல் வெளியிட்டது. 2024 ஏப்ரலில் 54 விமானங்களின் பதிவை நீக்கும்படி டில்லி உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. 2025இல் வாடகைக்காரரைக் காக்கத் தனிச்சட்டமே பிறந்தது. சீட்டு வாங்கியிருந்தவர்களோ கோரிக்கைப் பத்திரம் நிரப்பி, ஈடில்லாக் கடன்காரராய், வரிசையின் வாலிலே நின்றார்கள். 2025 ஜனவரியில் கம்பனியைக் கலைக்கும் கட்டளை பிறந்தது. கேட்கத் தெரிந்தவனுக்குச் சட்டம் எத்தனை விரைவாக ஓடி வருகின்றது, பாருங்கள்!

போட்டியாளர் ஒவ்வொருவராய் விழ, எஞ்சி நிற்பவன் ஏகபோகியாகின்றான். இந்தியாவின் உள்நாட்டுப் பிரயாணிகளில் அறுபது சதவீதத்துக்கு மேல் இன்று இன்டிகோவையே நம்பியிருக்கின்றனர். 2025 டிசெம்பர் தொடக்கத்தில், விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிக்கு ஏற்ப ஆட்களை ஒழுங்குபடுத்தத் தவறிய அக்கம்பனி, ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பறப்புகளை இரத்துச் செய்தது. மற்றக் கம்பனிகளின் கட்டணம் வானளாவ உயர்ந்தது. அரசு தலையிட்டு உச்சவரம்பு கட்ட நேர்ந்தது. 2024 செப்டெம்பரிலிருந்து சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பறப்பது இதே கம்பனிதான் என்பதால் இச்செய்தி நமக்கும் அயலானதன்று.

இனி, சட்டம் என்ன சொல்கின்றது? 1999ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையை இலங்கை 2018ஆம் ஆண்டின் விமான மார்க்கக் கொண்டுசெல்லல் சட்டத்தினால் ஏற்றுக்கொண்டது. பறப்பு தாமதித்து நட்டம் விளைந்தால், கம்பனி தகுந்த நடவடிக்கை யாவும் எடுத்ததாக நிரூபித்தாலன்றி, பிரயாணி ஈடு கோரலாம். அதன் உச்ச அளவு இன்று 6,303 சிறப்பு எடுப்பனவு உரிமை அலகுகள். வழக்கை இரண்டாண்டுக்குள் தொடுக்க வேண்டும். போய்வரும் சீட்டாயின் புறப்பட்ட இடமே சேருமிடமாகக் கருதப்படும். எனவே, கட்டுநாயக்காவில் ஏறி அங்கேயே திரும்பும் சீட்டு வைத்திருப்பவர் துபாய்க்கோ டில்லிக்கோ போய் வழக்காடத் தேவையில்லை. ஒருவழிச் சீட்டுடன் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகும் சகோதரிக்கு இவ்வாய்ப்பு அவ்வளவு எளிதன்று. சீட்டு எந்த அலுவலகத்தினூடாக விற்கப்பட்டது என்பது அவளுக்கு முக்கியமாகும். மேலும், உடன்படிக்கை தாமதத்தைப் பேசுகின்றதேயன்றி, கம்பனியே நொடித்து விமானமே வராத கதையைப் பேசவில்லை. அங்கேதான் ஏழை கைவிடப்படுகின்றான்.

ஆகவே நாம் கேட்பது இதுவே. நாளை பறக்கவிருக்கும் பிரயாணத்துக்கு இன்று கட்டும் பணம், பறப்பு முடியும்வரை பிரயாணியின் பணமே. அதனைத் தனி நம்பிக்கைக் கணக்கிலே வைக்க வேண்டும். இயலாதெனின் அதற்கு ஈடான வங்கிப் பிணை கொடுக்க வேண்டும். சிவில் விமான சேவைகள் அதிகாரசபை அனுமதிப் பத்திரம் வழங்கும்போதே இதனை நிபந்தனையாக்கட்டும். உள்நாட்டுக் கம்பனி, வெளிநாட்டுக் கம்பனி, அரச கம்பனி என்ற பேதம் வேண்டாம்.

இப்படிச் செய்தால் கட்டணம் உயரும், 2022இல் வெளிநாட்டுச் சேவை தொடங்கிய ஃபிட்ஸ்எயர் போன்ற சிறிய சுதேசக் கம்பனிகள் நசுங்கும் என்பார் உளர். கட்டணம் சற்று உயரலாம், மறுக்கவில்லை. சிறிய கம்பனிக்கு விற்பனை அளவுக்கேற்பப் பிணையைக் குறைக்கலாம். ஆனால் ஒன்றை நினைவூட்டுகின்றோம். நமது பெண்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் முகவர், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி வங்கிப் பிணை கட்டியே அனுமதி பெறுகின்றார். சீட்டு விற்கும் முகவர்களிடம் சர்வதேச விமானக் கம்பனிகளின் சங்கம் பிணை வாங்குகின்றது. முகவர் நொடித்தாலும் கம்பனியின் பணம் போகாது. எல்லோரிடமும் பிணை கேட்கும் கம்பனி, தன்னிடம் முழுப்பணத்தையும் முன்கூட்டியே கட்டும் பிரயாணிக்குப் பிணை கொடுக்கத் தயங்குவானேன்? பிரித்தானியாவில் மொனார்க் கம்பனி 2017 ஒக்டோபர் 2இல் விழுந்தபோது, வெளிநாடுகளிலே அகப்பட்டிருந்த ஏறத்தாழ 110,000 பேரில் பெரும்பாலானோரை அந்நாட்டு அதிகாரசபை வேறு விமானங்களில் ஏற்றி வீடு சேர்த்தது. விடுமுறைப் பயணம் விற்போரின் பணத்திலிருந்து பாதுகாப்பு நிதி சேர்க்கும் ஏற்பாடு அங்கு 1970களிலேயே தோன்றியிருந்தது. அந்நாட்டு விமானத் தொழில் அதனால் அழிந்துவிடவில்லை.

புத்தளம் மாவட்டப் பாராளுமன்றப் பிரதிநிதிகள், எக்கட்சியினராயினும், அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் விமான சேவைக்குரிய தலைப்பு வரும்போது இக்கோரிக்கையை எழுப்புவார்களா? தேர்தல் மேடையிலே வெளிநாட்டு உழைப்பாளரை நாட்டின் கண்கள் என்று புகழ்ந்தவர்கள் அவர்கள்.

அதுவரைக்கும் நம்மவர் செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. சீட்டின் பிரதியையும் பணம் கட்டிய பற்றுச்சீட்டையும் கம்பனி அனுப்பிய அறிவித்தலையும் எறிந்துவிடாதீர்கள். பறப்பு தாமதித்து நட்டப்பட்டவர்களும், சீட்டுப்பணம் திரும்பக் கிடைக்காதவர்களும் அவற்றை எடுத்துக்கொண்டு சிலாபத்திலோ புத்தளத்திலோ ஒரு சட்டத்தரணியை இரண்டாண்டு கழியுமுன்னரே காணுங்கள்.