தோழிக்கு முதலில் தெரியும்

பதின்பருவப் பெண் ஒருத்தி உள்ளுக்குள் உடைந்துபோயிருப்பது, வீட்டுக்கும் டீச்சருக்கும் தெரிவதற்கு முன்பே, அதே பெஞ்சில் உட்காருகிறவளுக்குத் தெரிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் மகள் படிக்கிற வீடுகளில் கேட்டுப் பாருங்கள். இரவு பதினொன்றரை மணிக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கறுப்புத் திரை, நடுவில் ஒரு சோகப் பாட்டு வரி. அம்மாவுக்குத் தெரியாதபடி மறைத்துத்தான் போட்டிருப்பாள். தோழி பார்ப்பாள், ‘என்னாச்சுடி?’ என்று கேட்பாள். நீல டிக் விழும், பதில் வராது. மறுநாள் இடைவேளையில் தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் விஷயம் வெளியே வரும். அதற்கு முன்பு ஒரு நிபந்தனை: “யார்கிட்டயும் சொல்லக் கூடாது. மதர் பிராமிஸ் பண்ணு.”

பண்ணிவிடுவாள். அதற்குப் பிறகு அவளுக்கும் தூக்கம் இல்லை.

பள்ளிகளில் சக மாணவியர் ஆதரவுக் குழுக்கள் வேண்டும் என்று கருத்தரங்குகளில் பேசுகிறவர்கள், ஏதோ புதிதாக ஒன்றைக் கொண்டுவரப்போகிற தொனியில் பேசுகிறார்கள். அப்படி ஒரு குழு எல்லா வகுப்பிலும், எல்லா விடுதி அறையிலும் ஏற்கெனவே இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்குப் பயிற்சி இல்லை, பின்னால் பெரியவர்கள் யாரும் இல்லை என்பதுதான் குறை. அந்தக் குறை பள்ளிக்கு மட்டும் உரியதல்ல. ஊருக்கே உரியது.

உலகெங்கும் தற்கொலைத் தடுப்புத் தொலைபேசிச் சேவைகளுக்கு முன்னோடியான ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பின் கதையே ஒரு சிறுமியிடம்தான் தொடங்குகிறது. சாட் வாரா என்ற இளம் பாதிரியார் 1935-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் இறுதிச் சடங்கை நடத்தினார். முதல் மாதவிடாய் வந்தபோது, அது ஏதோ பால்வினை நோய் என்று பயந்து உயிரை விட்டவள் அவள். கேட்பதற்கு ஓர் ஆள் இருந்திருந்தால் போதும். 1953-இல் லண்டனில் வாரா தொலைபேசிச் சேவையைத் தொடங்கினார். ஆலோசனை சொல்வது அவர் வேலை. காத்திருக்கிறவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருப்பது தொண்டர்கள் வேலை. கொஞ்ச நாளில் அவர் ஒன்றைக் கவனித்தார். தொண்டர்களிடம் மனம்விட்டுப் பேசியவர்களில் பலர், பாதிரியாரைப் பார்க்காமலே தெம்பாகத் திரும்பிப் போனார்கள். அடுத்த ஆண்டே பணியைத் தொண்டர்கள் கையில் ஒப்படைத்துவிட்டார். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய ‘சிநேகா’வும் இதே வழியில், தொண்டர்கள் காது கொடுத்துக் கேட்பதை நம்பியே நடந்துவருகிறது.

நம் ஊரில் இது எவ்வளவு அவசரம் என்பதை அறிய வேலூருக்குப் போக வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி ஒன்றியத்தில் ஊர் ஊராகப் பதிவுசெய்த இறப்பு விவரங்களை 2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 1992 முதல் 2001 வரையிலான கணக்கு அது. 10 முதல் 19 வயதுவரை உள்ளவர்களில் தற்கொலை, ஆண்டுக்குச் சராசரியாக லட்சத்துக்கு ஆண்களில் 58, பெண்களில் 148. ஏறக்குறைய இரண்டரை மடங்கு. பழைய கணக்குதான், ஒரே ஒன்றியத்தின் கணக்குதான். ஆனாலும் ‘பொம்பளப் புள்ளைக்கு என்ன கவலை, சாப்பிட்டுப் படிக்க வேண்டியதுதானே’ என்கிற திண்ணைப் பேச்சுக்கு அது பதில் சொல்லிவிட்டது.

சரி, யார் கேட்பது? டீச்சரையே கேட்கச் சொல்லலாமே என்றுதான் அரசுகளுக்கு முதலில் தோன்றும். தனிச் சம்பளம் தர வேண்டியதில்லை அல்லவா? பிகாரின் நாளந்தா மாவட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். சில பள்ளிகளில் ஆசிரியர் ஒருவருக்குப் பயிற்சி தந்து கூடுதல் பொறுப்பாகக் கொடுத்தார்கள். சில பள்ளிகளில் மனநல நிபுணரல்லாத, ஆனால் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரை இதற்கென்றே அமர்த்தினார்கள். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மாணவர்களின் மனச்சோர்வும், சீண்டலும், வன்முறையும் குறைந்தன. ஆசிரியரிடம் விட்ட பள்ளிகளில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. ஆசிரியர்கள் மீது குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. மதிப்பெண் போடுகிறவரிடமும், பெற்றோரைக் கூட்டிவரச் சொல்லும் அதிகாரம் உள்ளவரிடமும் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

தமிழ்நாட்டில் திட்டங்களுக்குக் குறைவில்லை. வளரிளம் பருவத்தினருக்கான தேசிய நலத் திட்டம் 2014-இல் வந்தது. கிராமங்களில் அதே வயதுப் பிள்ளைகளையே சக வழிகாட்டிகளாகத் தேர்ந்தெடுக்க அதில் இடம் உண்டு. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசம். பள்ளிக் கல்விக்கு 14417, குழந்தைகளுக்கு 1098. பிள்ளைகள் குறைகளை எழுதிப் போட, பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று ஒரு பெட்டியும் வைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதைத் தலைமையாசிரியர் அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே மாட்டுகிறவர்களை என்ன சொல்வது? எண்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பல வீடுகளில் கைப்பேசி அப்பாவுடையது. யாருக்குப் பேசினாள் என்பது இரவு எட்டு மணிக்குத் தெரிந்துவிடும்.

எனவே தோழியைத்தான் நம்பியாக வேண்டும். ஆனால் தோழியை ஆலோசகராக்குவது கொடுமை. அமெரிக்காவில் 18 உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் தலைவர்களுக்குப் பயிற்சி தந்து நடத்திய ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. அந்த மாணவர்களுக்குச் சிகிச்சை எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. நம்பத் தகுந்த பெரியவர் யார் என்று அடையாளம் காண்பதும், ஆபத்தில் இருக்கும் நண்பரை அவரிடம் சேர்ப்பதும்தான் பாடம். பெரிய பள்ளிகளில், பயிற்சி பெற்றவர்கள் அப்படிச் சேர்த்துவிட்டது மற்றவர்களைவிட நான்கு மடங்கு அதிகம். கேட்பது, கூடவே இருப்பது, ‘இதை நாம ரெண்டு பேரும் போய் அந்த அக்காகிட்ட சொல்லலாமா’ என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போவது. ஒரு சிறுமியிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

அந்த ‘அக்கா’ யார் என்பதில்தான் ஊரின் பொறுப்பு தொடங்குகிறது. மதர் பிராமிஸ் கேட்கிறவள் அசட்டுத்தனமாகக் கேட்கவில்லை. விஷயம் பெரியவர்கள் காதுக்குப் போனால் என்ன நடக்கும் என்று பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறாள். கைப்பேசி பறிபோகும். டியூஷன் நிற்கும். ‘படிச்சது போதும்’ என்று மாமன் மகனுக்குப் பேசி முடித்துவிடுவார்கள். இன்னொருத்திக்கு மந்திரித்துக் கயிறு கட்டுவதோடு விவகாரம் முடிந்துவிடும். இப்படி ஒரு முறை நடந்துவிட்டால் போதும், அந்தத் தெருவில் அடுத்த ஐந்து வருடத்துக்கு எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள். தோழியும்தான்.

அந்த ரகசியம் பாலியல் கொடுமை பற்றியது என்றால், சட்டம் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாத பெரியவருக்குத் தண்டனை உண்டு. குழந்தைக்கு அந்தத் தண்டனை கிடையாது. தோழி சொன்ன ரகசியத்தைச் சுமந்துகொண்டிருக்கும் சிறுமியைச் சட்டம் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. தெரிந்தும் ‘நமக்கேன் வம்பு’ என்றிருக்கும் பெரியவர்களைத்தான் அது பிடிக்கிறது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள்தான் பெரும்பான்மை. கழிப்பறைக் கதவு, சத்துணவு, சுற்றுச்சுவர் என்று பேசும் அந்தக் கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாக வைக்கலாம். மாணவிகளிடமே ரகசியச் சீட்டில் கேட்கட்டும்: மனசு சரியில்லாதபோது யாரிடம் போவீர்கள்? நூலகர் பெயர் வரலாம், சத்துணவு ஆயா பெயர் வரலாம், விளையாட்டு டீச்சர் பெயர் வரலாம். பெயர் வந்தவர்களுக்கு மாவட்ட மனநலத் திட்டக் குழுவினரை அழைத்துப் பயிற்சி தரச் சொல்லலாம். பயிற்சி பெற்றவர் பிள்ளையை யாரிடம் அனுப்ப வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மனநல மருத்துவர் என்றைக்கு வருகிறார், வண்டிச் செலவு யாருடையது என்பதையெல்லாம் ஊராட்சியும் நர்சம்மாவும் உட்கார்ந்து முடிவுசெய்ய அரை மணி நேரம் போதும். விடுதிகளுக்கு இது இன்னும் அவசியம். அங்கே மாலை ஆறு மணிக்குப் பிறகு வார்டனைத் தவிர வேறு பெரியவர் இல்லை.

காது கொடுக்கும் பெண்களையும் மறந்துவிடக் கூடாது. ஒரே பிள்ளையை ஆண்டு முழுக்க ‘லீடர்’ ஆக்கி பேட்ஜ் குத்திவிட்டால், அவள் அத்தனை பேர் அழுகைக்கும் குப்பைத்தொட்டி ஆகிவிடுவாள். முறைவைத்து மாற்ற வேண்டும். தான் கேட்டதை இறக்கிவைக்க அவளுக்கும் மாதம் ஒருமுறை ஓர் ஆள் வேண்டும். ‘இது என்னால் முடியாது’ என்று சொல்லும் உரிமை அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். தேர்வு மாதங்களில் அவளும் தேர்வு எழுதுகிறவள்தான்.