கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்!

பிள்ளைகளைச் சாகச முகாமுக்கு அனுப்பும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வருகிறது.

"மாணவர்களை 3 நாள் சாகச முகாமுக்கு அழைத்துச் செல்கிறோம். மலை ஏறுவார்கள். கயிற்றுப் பாலத்தில் நடப்பார்கள். கூடாரத்தில் தங்குவார்கள். சம்மதம் என்றால் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பவும்."

இதைப் படித்ததும் வீட்டில் என்ன நடக்கும்? பையன் துள்ளிக் குதிப்பான். தாய்க்கு வயிறு கலங்கும். தந்தை, "எவ்வளவு பணம்?" என்று கேட்பார். பெண் பிள்ளையாக இருந்தால் பாட்டி, "வயசுப் பெண்ணை மலைக்கு அனுப்புவதா?" என்பார்.

கடைசியில் கையெழுத்துப் போடுவார்கள். அல்லது, "போக வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. பலர் அதைச் செய்வதில்லை.

அது, கேள்வி கேட்பது!

முகாம் வேண்டுமா?

முகாம் நல்லதுதான். அதில் சந்தேகம் இல்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும், ஆவடித் தொழிற்சாலைகளிலும், பூந்தமல்லிப் பக்கத்துக் கம்பெனிகளிலும் பெற்றோர் ஷிப்டு பார்க்கிறார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, டியூஷன் போகிறது, வீட்டுக்கு வந்தால் செல்போன். தட்டைக் கழுவுவது அம்மா. பையைத் தூக்குவது அப்பா.

முகாமில் அப்படி இல்லை. தன் படுக்கையைத் தானே மடிக்க வேண்டும். தன் தட்டைத் தானே கழுவ வேண்டும். விளக்கு இல்லாத இருட்டைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் படுத்திருக்கும் பையனுக்குக் காய்ச்சல் வந்தால் தண்ணீர் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் புத்தகம் கற்றுத் தராது.

இது புதிய வழக்கமும் அல்ல. 1907ம் ஆண்டு இங்கிலாந்தில் பிரவுன்சீ என்ற சிறு தீவில் பேடன் பவல் என்பவர் பையன்களைக் கூட்டி ஒரு முகாம் நடத்தினார். பணக்கார வீட்டுப் பையன்களும் ஏழை வீட்டுப் பையன்களும் ஒரே கூடாரத்தில் தங்கினார்கள். சாரணர் இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. 1916ம் ஆண்டு சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியப் பிள்ளைகளுக்காக ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார்.

ஆகவே, பிள்ளைகளை அனுப்பலாம். ஆனால் எதை நம்பி அனுப்புவது?

நடந்தது என்ன?

நம் நாட்டில் நடந்த சில சம்பவங்களைப் பாருங்கள். படிக்கவே மனம் நடுங்கும். ஆனாலும் படிக்க வேண்டும்.

2023ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி. புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவிகள் விளையாட்டுப் போட்டிக்காக வெளியூர் வந்தார்கள். கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் இறங்கினார்கள். 4 மாணவிகள் மூழ்கி இறந்தார்கள்.

2014ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி. ஐதராபாத் என்ஜினீயரிங் கல்லூரி மாணவர்கள் இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் நதிப் பாறைகளில் நின்று படம் பிடித்துக் கொண்டிருந்தார்கள். மேலே இருந்த அணையில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். 24 மாணவர்களை வெள்ளம் அடித்துப் போயிற்று.

2018ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி. தேனி மாவட்டம் குரங்கணி மலை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூரிலிருந்தும் மலை ஏறப் போனவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. 20 பேருக்கு மேல் உயிர் இழந்தார்கள்.

அதே ஆண்டு ஜூலை மாதம். கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் பயிற்சி நடந்தது. மாடியிலிருந்து குதிக்க வேண்டும். கீழே வலை பிடித்திருந்தார்கள். 19 வயது மாணவி ஒருவர் குதிக்கத் தயங்கினார். பயிற்சி கொடுத்தவர் தள்ளிவிட்டார். கீழ்மாடி சன்ஷேடில் தலை மோதி அந்தப் பெண் இறந்தார். அவரைத் தள்ளியவர், தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் பயிற்சியாளர் என்று சொல்லிக் கொண்டவர். அவருக்கும் தங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்று ஆணையம் அறிவித்தது.

2024ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்று சொல்லி ஒரு முகாம் நடந்தது. மாணவிகள் இரவில் அங்கேயே தங்கினார்கள். அங்கே மாணவிகளுக்குப் பாலியல் கொடுமை நடந்தது. விசாரித்தபோது, அது என்.சி.சி. முகாமே அல்ல என்று தெரிந்தது! விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள்.

மூன்று காரணங்கள்

இந்தச் சம்பவங்கள் ஒவ்வொன்றும் ஒரு விதம். ஆனால் கூர்ந்து பார்த்தால் மூன்றே காரணங்கள்தான் தெரியும்.

ஒன்று, இடம். மாயனூரிலும் பியாஸ் நதியிலும் பிள்ளைகளைக் கொன்றது தண்ணீர். ஆழம் தெரியாத ஆறு. எப்போது பெருகும் என்று தெரியாத ஆறு. ஏரியைத் திறந்தால் ஆறு என்ன ஆகும் என்று பூந்தமல்லிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2015ம் ஆண்டு டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தபோது அடையாற்றில் என்ன நடந்தது என்று பார்த்தவர்கள் அவர்கள்.

இரண்டு, காலம். குரங்கணியில் நடந்தது மார்ச் மாதத்தில். மலையில் புல் காய்ந்து கிடக்கும் காலம் அது. ஒரு பொறி போதும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, காட்டில் மலை ஏறுவதற்குத் தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2025ம் ஆண்டில் வனத்துறை தன் மலைப் பாதைகளைப் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடிவைத்தது. காரணம், காட்டுத் தீ பயம்.

மூன்று, ஆள். கோவையிலும் பர்கூரிலும் ஆபத்து மலையில் இல்லை, ஆற்றில் இல்லை. கட்டிடத்துக்குள்ளேயே இருந்தது. பெரிய அமைப்பின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த மனிதரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

எந்த இடம்? எந்தக் காலம்? எந்த ஆள்? இந்த மூன்றையும் முன்கூட்டியே கேட்டிருந்தால் பல உயிர்கள் தப்பியிருக்கும். பிள்ளைகள்மேல் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. கேட்க வேண்டியவர்கள் பெரியவர்கள்.

இங்கிலாந்தில் வந்த சட்டம்

வெளிநாட்டில் மட்டும் இப்படி நடக்கவில்லையா? நடந்தது.

1993ம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்தில், லைம் விரிகுடா என்ற கடற்பகுதியில் பள்ளி மாணவர்கள் சிறு படகு ஓட்டப் போனார்கள். அலையில் சிக்கி 4 பேர் இறந்தார்கள். அந்த நிறுவனத்தில் பாதுகாப்புப் போதாது என்று அங்கே முன்பு வேலை பார்த்த பயிற்சியாளரே கடிதம் எழுதி எச்சரித்திருந்தார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. நிறுவனத்தின் தலைவர் சிறைக்குப் போனார்.

1995ம் ஆண்டில் அங்கே ஒரு சட்டம் வந்தது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மலை, நீர் போன்ற இடங்களில் சாகசப் பயிற்சியைப் பணம் வாங்கி நடத்துகிறவர் உரிமம் வாங்க வேண்டும். உரிமம் கொடுக்குமுன் சோதனை செய்வார்கள்.

இறந்துபோன பிள்ளைகளின் பெற்றோர் விடாமல் கேட்டதால் வந்த சட்டம் அது!

பொறுப்பு யாருக்கு?

"ஏதாவது நடந்தால் பள்ளி பொறுப்பல்ல" என்று சில தாள்களில் அச்சடித்திருப்பார்கள். அதைப் படித்ததும் பெற்றோர் பயந்துபோவார்கள்.

பயப்பட வேண்டாம். சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 1995ம் ஆண்டு பஞ்சாபில் ஒரு பள்ளி மாணவர்களைப் பியாஸ் நதிக்கரைக்கு உல்லாசப் பயணம் அழைத்துப் போனார்கள். 14 பிள்ளைகள் மூழ்கி இறந்தார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2001ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்தது. ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி நிர்வாகம் பொறுப்பு என்றும், இறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 5 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்றும் கோர்ட்டு உறுதி செய்தது.

பணம் பிள்ளைக்கு ஈடாகாது. ஆனால் ஒன்று தெளிவாயிற்று. உங்கள் கையெழுத்தை வாங்கிவிட்டதால், கவனமாகப் பார்த்துக்கொள்ளும் கடமை பள்ளியை விட்டுப் போய்விடாது.

என்ன கேட்க வேண்டும்?

பள்ளியில் பெற்றோர் கூட்டம் போடச் சொல்லுங்கள். தனியாகப் போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து போங்கள். படிப்பு குறைவு என்று தயங்க வேண்டாம். இந்தக் கேள்விகளைக் கேட்கப் பட்டம் தேவையில்லை.

1. முகாம் எந்த ஊரில்? பக்கத்தில் ஆறு, அருவி, ஏரி உண்டா? தண்ணீரில் இறக்குவீர்களா? இறக்கினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா?

2. காட்டுக்குள் போவதாக இருந்தால் வனத்துறை அனுமதி எங்கே?

3. நடத்துகிறவர் யார்? அவர் காட்டும் சான்றிதழைக் கொடுத்த அலுவலகத்தில் விசாரித்தீர்களா? என்.சி.சி. என்றால் எந்தப் படைப்பிரிவு?

4. எத்தனை பிள்ளைக்கு ஓர் ஆசிரியர்? மாணவிகளுடன் இரவில் ஆசிரியைகள் தங்குவார்களா?

5. பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? முகாமில் எந்நேரமும் ஒரு வண்டி நிற்குமா?

6. பஸ் இரவில் ஓடுமா, பகலில் ஓடுமா?

7. அவசரம் என்றால் நாங்கள் யாருக்குப் போன் செய்வது?

நல்ல பள்ளி இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது, பதில் சொல்லும். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பது பதில் அல்ல. அந்தப் பதில் வந்தால் பேனாவைச் சட்டைப் பையிலேயே வையுங்கள்.

பிள்ளையைத் தயார் செய்வது

பள்ளி பதில் சொல்லிவிட்டது. திருப்தி. இனி வீட்டு வேலை.

புதுச் செருப்பும் புது ஷூவும் முகாமுக்கு ஆகாது. காலைக் கடித்துவிடும். இரண்டு வாரம் முன்பே போட்டுப் பழக வேண்டும். ஆவடியில் இருப்பவர்கள் பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதைக்குப் பிள்ளையை அழைத்துப் போங்கள். முதுகில் பையை மாட்டி நடக்கச் சொல்லுங்கள். பை கனக்கிறதா, ஷூ கடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பையைப் பிள்ளையே கட்டட்டும். நீங்கள் கட்டினால் எது எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

ஏலகிரி போன்ற மலைக்குப் போவதாக இருந்தால் 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். வாந்தி வரும் பிள்ளைக்கு டாக்டரைக் கேட்டு மாத்திரை கொடுங்கள். மலை 1,000 மீட்டருக்கு மேல் உயரம். மார்கழி மாதமானால் இரவில் குளிரும். ஒரு ஸ்வெட்டர் அவசியம்.

ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை எதுவானாலும் ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். "சொன்னால் அழைத்துப் போகமாட்டார்கள்" என்று மறைப்பது மிகப் பெரிய தவறு. பெண் பிள்ளைகளின் பையில் நாப்கின் இருக்கட்டும். தேதி முன்னே பின்னே வரலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானவை இரண்டு. இவற்றைத் தாயும் தந்தையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

முதலாவது: "பயமாக இருந்தால், முடியாது என்று சொல். அது கோழைத்தனம் அல்ல. யார் சிரித்தாலும் பரவாயில்லை."

இரண்டாவது: "யாராவது உன்னைத் தொடக் கூடாத விதமாகத் தொட்டால் உடனே ஆசிரியையிடம் சொல். வீட்டுக்கு வந்ததும் எங்களிடம் சொல். உன்மேல் கோபப்பட மாட்டோம்." குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் குற்றம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பது போக்சோ சட்டப்படி குற்றம்.

பெண்ணை நிறுத்துவதா?

பர்கூர் சம்பவத்தைப் படித்த சில பெற்றோர், "இனி பெண்ணை எங்கும் அனுப்ப மாட்டேன்" என்று சொல்லலாம். அவர்கள் வேதனை நியாயம். ஆனால் அந்தக் கொடுமை நடந்தது பள்ளிக்கூடத்தில். அதற்காகப் பள்ளிக்கூடத்தையே நிறுத்துவோமா?

விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி 2023ம் ஆண்டு மே மாதம் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறினார். தமிழ்நாட்டிலிருந்து அந்தச் சிகரத்தைத் தொட்ட முதல் பெண் அவர். நம் வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு சின்ன மலையாவது ஏறிப் பார்க்க ஆசை இருக்காதா? குற்றம் செய்தவன் வெளியில் திரிய, குற்றம் செய்யாத பெண் வீட்டில் அடைபடுவது எந்த ஊர் நியாயம்?

பணம் கட்ட முடியாத பிள்ளைகளையும் நினைக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளை வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லக் கூடாது. என்.சி.சி., சாரணர், நாட்டு நலப்பணித் திட்டம் ஆகியவற்றில் செலவு குறைந்த முகாம்கள் உண்டு. உண்மையான என்.சி.சி. முகாமின் செலவை அரசே ஏற்கிறது. உங்கள் பள்ளியில் இவை இருக்கின்றனவா என்று தலைமை ஆசிரியரைக் கேளுங்கள்.

பெற்றோர்களே! மலை ஆபத்தானது அல்ல. அலட்சியம்தான் ஆபத்தானது. பிள்ளை மலை ஏறத் துணிய வேண்டும். பெற்றோர் கேள்வி கேட்கத் துணிய வேண்டும். இரண்டு துணிச்சலும் சேர்ந்தால், போன பிள்ளை சிரித்த முகத்தோடு, அழுக்குத் துணி மூட்டையோடு, ஆயிரம் கதையோடு வீடு திரும்பும்.