அட்டையில் ஒரு பெயர், உள்ளே ஒரு கூட்டம்

அமெரிக்க அறிவியல் புனைகதை நெடுங்காலம் சிறுகதையை நம்பியே வாழ்ந்தது. கதைகள் மலிவுத் தாளில் அச்சான மாத இதழ்களில் வந்தன. அடுத்த இதழ் வந்ததும் பழையது எடைக்குப் போனது. அவற்றுள் நல்லவை நிலைத்திருப்பதற்குக் காரணம் தொகுப்பு நூல்கள்தாம். 1943-இல் டொனால்ட் வோல்ஹைம் ஒரு சட்டைப்பைப் பதிப்பைத் தொகுத்தார். 1946-இல் குரோஃப் காங்க்ளின் தொகுத்த தடித்த நூல் ஒன்றும், ரேமண்ட் ஹீலி, பிரான்சிஸ் மெக்கோமஸ் இருவரும் தொகுத்த ‘அட்வென்சர்ஸ் இன் டைம் அண்ட் ஸ்பேஸ்’ என்ற ஏறக்குறைய ஆயிரம் பக்க நூலும் வந்தன. கெட்டி அட்டைப் புத்தகமாக நூலகத்துக்குள் நுழைந்த பிறகுதான் இந்த வகைக் கதைகளைப் பெரியவர்கள் கையில் எடுத்துப் பார்த்தார்கள்.

அந்த வரிசையில் இன்றுவரை அதிகம் பேசப்படுவது 1967-இல் டபுள்டே பதிப்பகம் வெளியிட்ட ‘டேஞ்சரஸ் விஷன்ஸ்’. தொகுப்பாசிரியர் ஹார்லன் எலிசன். அடக்கம் என்பது அவர் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. நூல் முழுக்கத் தன் குரல் கேட்கும்படி பார்த்துக்கொண்டார். ஏறக்குறைய ஒவ்வொரு கதைக்கும் முன்னால் அவருடைய அறிமுகம், கதை முடிந்ததும் எழுதியவரின் பின்குறிப்பு. அதனால் இது எலிசனின் தனிச் சாதனை என்ற பேச்சு அரை நூற்றாண்டாக நிலைத்துவிட்டது. நூல் உருவான கதையைக் கொஞ்சம் கிளறினால் அந்தப் பேச்சு நிற்காது.

முதலில், யோசனையே அவருடையது மட்டும் அல்ல. 1965-இல் நார்மன் ஸ்பின்ராட் என்ற இளம் எழுத்தாளருடன் பேசிக்கொண்டிருந்தபோது, இப்படி ஒரு தொகுப்பை நீயே ஏன் செய்யக்கூடாது என்று அவர் உசுப்பிவிட்டார் என எலிசனே முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார். டபுள்டேயில் அந்த யோசனைக்குக் காது கொடுத்தவர் லாரி ஆஷ்மீட். ஐசக் அசிமோவின் நூல்களையும் கவனித்துக்கொண்ட பதிப்பாசிரியர் அவர். இதழ்களில் ஏற்கெனவே வந்த கதைகளை எடுத்துக் கட்டுவதுதான் அப்போது பெருவழக்கு. அதில் பதிப்பகத்துக்கு ஆபத்து குறைவு. வாசகர் ஒருமுறை சோதித்த சரக்கு அது. எலிசன் கேட்டதோ முழுக்கப் புதிய கதைகள், அதுவும் இதழ்கள் போட மறுக்கக்கூடிய கதைகள்.

இதழ்கள் ஏன் மறுத்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஜான் கேம்பெலின் ‘அஸ்டவுண்டிங்’ இதழில் கே டாரன்ட் என்ற உதவி ஆசிரியை இருந்தார். பாலியல் வாடை அடிக்கும் சொல் எதுவும் அவருடைய பென்சிலுக்குத் தப்பாது. அவர் கண்ணில் மண்ணைத் தூவி ஏதாவது ஒரு சொல்லை உள்ளே நுழைத்துவிடுவதை எழுத்தாளர்கள் விளையாட்டாகவே வைத்திருந்தார்கள். பாலியல் மட்டும் இல்லை, கடவுள், மதம், அரசு பற்றியும் எழுதாத சட்டங்கள் பல இருந்தன. 1967-க்குள் அந்த வேலி துருப்பிடித்துவிட்டது. இங்கிலாந்தில் மைக்கேல் மூர்காக் ‘நியூ வேர்ல்ட்ஸ்’ இதழில் அதைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் டேமன் நைட் 1966-இலேயே ‘ஆர்பிட்’ என்ற புதுக்கதைத் தொகுப்பு வரிசையைத் தொடங்கிவிட்டார். எலிசன் வெற்றிடத்தில் வந்து நிற்கவில்லை, பலர் தள்ளித் தள்ளித் தளர்த்திய கதவைத்தான் உதைத்துத் திறந்தார்.

சேர்ந்தவர்கள் 32 பேர், கதைகள் 33. இந்தக் கூட்டத்தின் வயதைப் பாருங்கள். மிரியம் ஆலன் டிஃபோர்ட் 1888-இல் பிறந்தவர், நூல் வந்தபோது 79 வயது. கடைசிக் கதையை எழுதிய சாமுவேல் டிலேனிக்கு 25. நடுவில் லெஸ்டர் டெல் ரே, தியோடர் ஸ்டர்ஜன், ஃபிரிட்ஸ் லைபர் போன்ற பழம்பெரும் கைகள், இங்கிலாந்திலிருந்து ஜே. ஜி. பல்லார்ட், பிரையன் ஆல்டிஸ், ஜான் பிரன்னர். பெண்கள் மூன்றே பேர் என்பது அன்றைய குறை. இன்று படிக்கும்போது அது உறுத்தத்தான் செய்கிறது.

இந்த 32 பேரும் தத்தம் அறையில் தனித்தனியாக எழுதி அனுப்பினார்கள், எலிசன் அடுக்கினார் என்று நினைத்துவிட வேண்டாம். நூலில் இரண்டு கதைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ராபர்ட் பிளாக் 1943-இல் லண்டன் கொலைகாரன் ஜாக் த ரிப்பரை வைத்து ஒரு புகழ்பெற்ற கதை எழுதியிருந்தார். அதே ஆளை எதிர்காலத்துக்குக் கொண்டுபோய் எழுதுங்கள் என்று எலிசன் அவரைக் கேட்டார். பிளாக் எழுதி அனுப்பியதைப் படித்ததும் அந்த எதிர்கால நகரம் எலிசனின் மண்டையைக் குடையத் தொடங்கியது. தொடர்ச்சியை நான் எழுதட்டுமா என்று அனுமதி கேட்டு, பிளாக் முடித்த இடத்திலிருந்து தானே ஒரு கதை எழுதினார். அந்தக் கதைக்கு அறிமுகம் எழுதியது பிளாக். ஒருவர் விட்ட நூலை அடுத்தவர் பிடித்து நெய்ததும், மூத்தவர் இளையவருக்கு முன்னுரை எழுதியதும் ஒரே நூலுக்குள் நடந்தன. என் ரசனைக்கு எலிசனின் கதை கொஞ்சம் சத்தம் அதிகம். ஆனால் இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது தனித்தனியே கிடைக்காத ஒன்று கிடைக்கிறது.

பணம் இன்னொரு கதை. ஃபிலிப் ஹோசே ஃபார்மரின் படைப்பு சுமார் 30,000 சொற்களுக்கு வளர்ந்து நூலிலேயே நீளமானதாகிவிட்டது. சொல் கணக்கில் சன்மானம் கொடுக்கும் தொகுப்பில் இப்படி ஒரு கதை சேர்ந்தால் முன்பணம் எத்தனை நாள் தாங்கும்? கையிருப்பு தீர்ந்தது. எலிசன் தன் சட்டைப்பையைத் துழாவினார். அதுவும் போதாத நிலையில் லாரி நிவன் 750 டாலர் எடுத்துக் கொடுத்தார். நிவன் அப்போது எழுத வந்து சில ஆண்டுகளே ஆன இளைஞர், இந்தத் தொகுப்பில் அவருக்கு ஒரே ஒரு கதை. மற்றவர்களின் கதைக்குச் சன்மானம் கொடுக்க ஒரு பங்களிப்பாளர் தன் பணத்தைப் போட்டார் என்பதை எலிசன் மறைக்கவில்லை, முன்னுரையில் நன்றியோடு சொல்கிறார்.

அந்த நிவன் கதையையும் சொல்லிவிடுகிறேன். மாற்று உறுப்புகளுக்கு ஆள் தேவைப்படுவதால் மரண தண்டனைக்குரிய குற்றங்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, கடைசியில் சாலை விதியை மீறியவனும் மாட்டுகிறான். நூல் வந்த அதே 1967-இல், டிசம்பர் மாதம், தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்தார்.

படங்களைப் பற்றிப் பேசாமல் இந்த நூலைப் பற்றிப் பேசவே முடியாது. ஒவ்வொரு கதைக்கும் ஒரு கறுப்பு வெள்ளை ஓவியம், அட்டையும் சேர்த்து, வரைந்தவர்கள் லியோ டிலன், டயான் டிலன் தம்பதி. 1933 மார்ச்சில் பதினொரு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். கலைப்பள்ளியில் போட்டியாளர்களாகச் சந்தித்து, திருமணம் செய்துகொண்டு, ஒரே தாளில் வரையத் தொடங்கினார்கள். ஒருவர் கோடு போட்டு வைப்பார், மற்றவர் அதன்மேல் வேலை செய்வார், தாள் மறுபடி முதலாமவரிடம் போகும். முடிவில் எந்தக் கோடு யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது. தங்கள் படங்களை வரைவது மூன்றாவது ஓவியர் ஒருவர் என்று இருவரும் சொல்வது வழக்கமாக இருந்தது. பின்னாளில் 1976, 1977 என அடுத்தடுத்த ஆண்டுகளில் சிறுவர் பட நூல்களுக்கான கால்டெகாட் பதக்கம் வாங்கினார்கள். எலிசனின் உரத்த குரலுக்கு நடுவே நூலுக்கு ஒரு சீரான முகம் கொடுத்தது இந்த ஓவியங்கள்தாம் என்பது என் கருத்து.

அசிமோவ் கதை தரவில்லை, இரண்டு முன்னுரைகள் தந்தார். அவருடைய பெயர் முன்னால் நின்றதால் பழைய வாசகர் தயங்காமல் உள்ளே வந்தார். இதையும் பங்களிப்பு என்றுதான் கணக்கில் எடுக்க வேண்டும்.

பலன் உடனே தெரிந்தது. லைபரின் கதை ஹியூகோ, நெபுலா விருதுகள் இரண்டையும் பெற்றது. டிலேனிக்கு நெபுலா, ஃபார்மருக்கு ஹியூகோ. தொகுத்ததற்காக எலிசனுக்கும் 1968 உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் சிறப்புப் பாராட்டு. 1972-இல் வந்த இரண்டாம் தொகுதி இன்னும் பெரியது. அர்சுலா லெ குவினும் ஜோனா ரஸ்ஸும் அதில் எழுதிய கதைகளுக்கும் பரிசு கிடைத்தது.

இரண்டாம் தொகுதியின் முன்னுரையிலேயே மூன்றாவது வரப்போகிறது என்று அறிவித்திருந்தார் எலிசன். ‘தி லாஸ்ட் டேஞ்சரஸ் விஷன்ஸ்’. கதைகள் குவிந்தன, நூற்றைத் தாண்டின, சன்மானமும் கொடுக்கப்பட்டது. நூல் வரவில்லை. பத்தாண்டு போனது, இருபது போனது. எழுதியவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள்.

எங்கே சிக்கியது? ஒவ்வொரு கதைக்கும் அறிமுகம் எழுத வேண்டும், அதை எலிசன்தான் எழுத வேண்டும். முதல் நூலை ஊரெல்லாம் பேச வைத்த அதே ஏற்பாடு மூன்றாவது நூலின் கழுத்தை நெரித்தது. முதல் தொகுதியில் ஸ்பின்ராட் தூண்டினார், ஆஷ்மீட் காது கொடுத்தார், நிவன் பணம் போட்டார், பிளாக் ஓர் அறிமுகம் எழுதினார். மூன்றாவதில் பதிப்பகம் மாறிக்கொண்டே இருந்தது, வேலை ஒரே மேசையில் குவிந்தது. அறிமுகங்களில் பாதியை வேறு இருவரிடம் ஒப்படைத்திருந்தால் எழுபதுகளிலேயே நூல் கடைக்கு வந்திருக்கலாம். அதற்கு மனம் வரவில்லை.

கதை கொடுத்திருந்தவர்களில் ஒருவரான கிறிஸ்டோபர் பிரீஸ்ட் பொறுக்க முடியாமல் தன் கதையைத் திரும்ப வாங்கி 1976-இல் வேறு தொகுப்பில் வெளியிட்டார். பின்பு இந்த வரலாற்றையே ஒரு சிறு நூலாக எழுதினார். 1994-இல் அது ‘தி புக் ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபார்எவர்’ என்ற பெயரில் வந்தது. கடுமையான நூல்தான், ஆனால் அதன் அடிப்படைக் குற்றச்சாட்டுக்கு யாரும் சரியான பதில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

பெரிய இழப்பு பெயர் பெற்றவர்களுக்கு அல்ல. ஆக்டேவியா பட்லர் 1970-இல் கிளாரியன் எழுத்துப் பட்டறைக்கு வந்த மாணவி, எலிசன் அங்கே ஆசிரியர். அவருடைய திறமையைக் கண்டு முதலில் கைதூக்கிவிட்டவர்களில் எலிசனும் ஒருவர், அதை மறுக்கக்கூடாது. மூன்றாம் தொகுதிக்காக அவருடைய ‘சைல்ட்ஃபைண்டர்’ என்ற கதையை வாங்கினார். ஒரு புது எழுத்தாளர், அதுவும் அந்தத் துறையில் அரிதாகவே தென்பட்ட கறுப்பினப் பெண், தன் முதல் விற்பனைகளில் ஒன்று அச்சில் வரும் என்று காத்திருந்தார். பட்லர் 2006-இல் இறந்தார். கதை 2014-இல் வெளிவந்தது.

எலிசன் 2018-இல் மறைந்தார். அவருடைய மனைவி சூசனும் 2020-இல் மறைந்த பிறகு, எலிசனின் சொத்துப் பொறுப்பை ஏற்ற நண்பர் மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி, ‘பாபிலோன் 5’ தொலைக்காட்சித் தொடரை உருவாக்கியவர், 2024-இல் ஒரு வழியாக மூன்றாம் தொகுதியை வெளியிட்டார். எலிசன் வாங்கியவற்றில் ஒரு பகுதியே அதில் இருக்கிறது, பிற்காலத்தவர்களின் கதைகளும் சேர்ந்திருக்கின்றன. நீண்ட கட்டுரை ஒன்றில், எலிசனை வாட்டிய மனநோயைப் பற்றி ஸ்ட்ராசின்ஸ்கி வெளிப்படையாக எழுதியிருக்கிறார். படித்தால் மனிதர் மேல் இரக்கம் வருகிறது. ஆனால் அந்தக் கட்டுரை வந்தபோது காத்திருந்தவர்களில் பலர் உயிரோடு இல்லை.

கூட்டு முயற்சி என்றால் எல்லோரும் கைதூக்கி முடிவு செய்வது என்றும் பொருள் இல்லை. 1970-இல் வந்த ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஹால் ஆஃப் ஃபேம்’ தொகுப்பு அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்க உறுப்பினர்களின் வாக்குகளால் உருவானது. அதற்கும் ராபர்ட் சில்வர்பெர்க் என்ற ஒருவர் உட்கார்ந்து, ஓர் ஆசிரியருக்கு ஒரு கதை என்று வெட்டவேண்டியிருந்தது. அப்போது இலங்கையில் குடியேறியிருந்த ஆர்தர் கிளார்க்கின் இரண்டு கதைகள் நல்ல வாக்குப் பெற்றும் ஒன்றுதான் நூலில் நின்றது. வெட்டுகிறவர் ஒருவர் வேண்டும். அவருக்குக் கெடு வைப்பவர் இன்னொருவரும் வேண்டும்.

எலிசனின் தாமதத்தைக்கூட மன்னித்துவிடலாம். முடியாது என்று தெரிந்த பிறகும் கதைகளைத் தானாகவே திருப்பிக் கொடுக்காததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தொகுப்பு வேலையில் இறங்கும் நண்பர்கள் எழுத்தாளருக்கு அனுப்பும் முதல் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: இன்ன தேதிக்குள் நூல் வராவிட்டால் கதையின் உரிமை உங்களுக்கே திரும்பிவிடும், நீங்கள் கேட்க வேண்டியதில்லை.