பாக்கியைப் பிள்ளையிடம் கேட்காதீர்கள்

இருப்பில் ஒரு மூட்டை குறைந்தால் நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு படிக்கும் நம் பிள்ளை பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது தெரிகிறதா? விடியற்காலை கடை திறந்து இரவு பத்துக்குக் கதவடைக்கும் நமக்கு அதற்கு நேரமில்லை என்பதே உண்மை.

2022-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கூறுகிறது. மதிப்பெண் மட்டுமே காரணம் அல்ல. வீட்டுக் கஷ்டம், அவமானம் எனப் பலவும் சேர்ந்தே பிள்ளையை அழுத்துகின்றன.

அரசு சும்மா இருக்கவில்லை. பொதுத்தேர்வு முடிவில் மாநில அளவிலான தரவரிசை வெளியிடுவதைத் தமிழ்நாடு 2017-இல் நிறுத்தியது. 2020-இல் ஒன்றிய அரசு தொடங்கிய பள்ளி உடல்நலத் திட்டத்தில், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் பயிற்சி பெற வேண்டும். அவர்கள் நடத்த வேண்டிய 11 தலைப்புகளில் மனநலமும் ஒன்று. நம் ஊர்ப் பள்ளியில் அந்த இருவர் யார்? வாரம் ஒரு வகுப்பாவது நடக்கிறதா? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நாம் கேட்க வேண்டும்.

நம் பங்கும் உண்டு. எங்கள் நெம்மேலிக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தேர்வு முடிவு வருவதும் பள்ளிக்கூடச் செலவு வருவதும் அதே சமயம்தான். எந்த வீட்டில் நெருக்கடி என்பதை ஆசிரியருக்கு முன்பே நம் கடன் நோட்டு சொல்லிவிடும். ஒருமுறை நானே ஒரு பையனிடம், நாலு பேர் பார்க்க, "அப்பா எப்போது பாக்கி தருவார்?" என்று கேட்டுவிட்டேன். அதன்பின் அவன் என் கடைப்பக்கமே வரவில்லை. பாக்கி பிறகு வசூலானது. அவன் தலைகுனிந்து போனது இன்னும் மனதில் நிற்கிறது.

ஆகவே மூன்று வேண்டுகோள். பாக்கியைப் பெரியவரிடமே கேளுங்கள். எலி மருந்தைப் பார்வையில் தொங்கவிடாதீர்கள்; பிள்ளைகள் கையில் ஒருபோதும் கொடுக்காதீர்கள். மனநல ஆலோசனைக்கான 14416, மாணவர் வழிகாட்டுதலுக்கான 14417 ஆகிய எண்களை விலைப்பலகைக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மூன்றுக்கும் முதலீடு தேவையில்லை.

இன்றிரவு கதவடைத்ததும் கணக்குப் பார்க்குமுன், "சாப்பிட்டாயா?" என்று உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். மதிப்பெண்ணைப் பற்றி நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.