ரவுட்டரின் 5 வேறு, போனின் 5 வேறு

வீடுகளில் வைஃபை மாட்டிக் கொடுப்பது என் தொழில். வைஃபை பெயருக்குப் பின்னால் ‘5ஜி’ என்று வருகிறதே, அப்படியானால் போனுக்கும் 5ஜி வந்துவிட்டதா என்று பலரும் கேட்கிறார்கள். போனின் 5ஜி ஐந்தாம் தலைமுறை மொபைல் சேவை. இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கியது. ரவுட்டரின் 5 என்பது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வேகம் அதிகம், ஆனால் சுவர்களைத் தாண்டினால் சோர்ந்துவிடும். அடுப்படி வரை எட்டுவது பெரும்பாலும் ரவுட்டரின் மற்றொரு அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸ்தான்.

வேகக் கணக்கிலும் குழப்பம். 100 எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும். மாதாமாதம் பணம் கட்டுகிறவர்களுக்கு இந்த விவரங்களை ரசீதிலேயே தமிழில் அச்சிட்டுத் தர நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த வேண்டும்.