ஒரு ஹேண்ட்பேக்... பறிபோன பிரதமர் பதவி: மங்கோலிய இளைஞர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

2025 மே மாதம். மங்கோலியப் பிரதமர் ஓயுன்-எர்தெனே மகனின் வருங்கால மனைவி சமூக வலைதளத்தில் சில போட்டோக்களைப் போட்டார். ஹெலிகாப்டர் பயணம், விலை உயர்ந்த ஹேண்ட்பேக். தலைநகர் உலான்பாதரின் சுக்பாதர் சதுக்கத்தில் இளைஞர்கள் கூடிவிட்டார்கள். 'இந்தக் காசு எங்கிருந்து வந்தது?' என்பதுதான் கேள்வி. முறைகேடு எதுவும் இல்லை என்று மறுத்தார் பிரதமர். ஜூன் 3-ம் தேதி நாடாளுமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு. தேவை 64 ஓட்டு, கிடைத்தது 44. பதவி போனது.

ஒரு பைக்காகவா இத்தனையும்?

இல்லை, கணக்கு பழசு. 1990 வரை அங்கே சோவியத் பாணி ஒரு கட்சி ஆட்சி. வேலை, படிப்பு எல்லாம் அரசின் பொறுப்பு. அது முடிந்ததும், 1991-ல் அரசு நிறுவனங்களைத் தனியார்மயமாக்க, ஒவ்வொருவருக்கும் 10,000 துக்ரிக் மதிப்புள்ள கூப்பன்கள் கொடுத்தார்கள். 'இனி நீங்களும் முதலாளி' என்றார்கள். கைக்காசு இல்லாத பலர், விற்க முடிந்ததை வந்த விலைக்கு விற்றார்கள். 20 வருஷம் கழித்து, தவான் தோல்கோய் நிலக்கரிச் சுரங்கத்தில் தலைக்கு 1,072 பங்குகள் என்று அறிவிப்பு. 2011-ல் பொருளாதாரம் 17% வளர்ந்தது. 2017-ல் அதே நாடு ஐ.எம்.எஃப். வாசலில் கடனுக்கு நின்றது.

இதையெல்லாம் கேட்டு வளர்ந்த தலைமுறைதான் இது. சுமார் 35 லட்சம் மக்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் உலான்பாதரில். கடும் பனியில் ஆடு மாடுகளைப் பறிகொடுத்து வந்த குடும்பங்கள், நகர ஓரத்தில் 'கெர்' எனும் வட்டக் கூடாரங்களில் வசிக்கின்றன. வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. மைனஸ் 30 டிகிரி குளிரில் அடுப்பில் நிலக்கரி எரிந்தால்தான் உயிர் தங்கும். நாடு சீனாவுக்கு விற்பதும் நிலக்கரிதான். அந்த ஏற்றுமதியில் பெரும் திருட்டு என்ற புகார் கிளம்பியபோது, 2022 டிசம்பர் குளிரிலும் இதே சதுக்கம் நிரம்பியது.

முழுசா விரக்தி அடைந்தவர் சதுக்கத்துக்கு வர மாட்டார், தென் கொரியாவுக்கு டிக்கெட் போடுவார். (அப்படிப் போகிறவர்களும் நிறைய.) கனிம வளம் மக்களுக்கே சொந்தம் என்று அரசியல் சாசனமே சொல்கிறது. அதை இன்னும் நம்புகிறவர்கள்தான் 'என் பங்கு எங்கே?' என்று கேட்கிறார்கள்.

கேட்டால் கிடைக்குமா? 2021 ஜனவரியையும் பார்க்கணும். கொரோனா பாதித்த ஒரு தாயைப் பச்சைக் குழந்தையோடு, கடுங்குளிரில் செருப்புக் காலுடன் அழைத்துப்போன வீடியோ பரவி, போராட்டம் வெடித்தது. பிரதமர் குரெல்சுக் ராஜினாமா செய்தார். அந்த நாற்காலிக்கு வந்தவர்தான் ஓயுன்-எர்தெனே. விலகிய குரெல்சுக்? அதே வருஷம் ஜூனில் அதிபர் தேர்தலில் ஜெயித்தார்.