நிலம் கற்பார் மொழி கற்க!



சென்ற திங்கள், என்னிடம் மேனிலை வகுப்பில் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றன் பாடத்திட்டச் சுவடியோடு என் இல்லம் வந்தாள். “ஐயா, தெற்காசிய நிலப்பண்பாட்டியலில் இளங்கலைப் பட்டம் பெற விழைகின்றேன். ‘இப்படிப்புச் சோறு போடுமா?’ என்கிறார் அப்பா. தாங்கள் என்ன சொல்கின்றீர்கள்?” என்றாள்.

சுவடியைப் புரட்டினேன். அரசியல் உண்டு, பொருளியல் உண்டு, சமயம் உண்டு, திரைப்படமும் உண்டு. மொழி மட்டும், விரும்பினாற் கற்கலாம், வேண்டாவெனின் விட்டுவிடலாம் என்று கடைசிப் பக்கத்திற் கிடந்தது! ஒரு மக்களின் மொழியில் ஒரு வரியும் படிக்கத் தெரியாமலே அம்மக்களை அறிந்தவர் எனப் பட்டம் பெற்றுவிடலாமாம். இது கல்வியா? காதைப் பொத்திக்கொண்டு இசையரங்கில் அமர்ந்திருப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இத்துறை வளர்ந்த வரலாற்றைச் சற்றே நோக்குங்கள். 1812-இல் சென்னைக் கோட்டைக் கல்லூரி எதற்குத் தோன்றியது? நம்மை ஆளவந்த ஆங்கிலேய அலுவலர்க்குத் தென்னாட்டு மொழிகளைப் பயிற்றவே! அதனை அமைப்பதில் முன்னின்ற எல்லிசு, தென்மொழிகள் வடமொழியினின்று பிறந்தவையல்ல, தனிக் குடும்பத்தின என்று 1816-இல் எழுதினார். 1856-இல் கால்டுவெல் அதனை விரித்து நிறுவினார். 1916-இல் இலண்டனில் கீழைக்கலைப் பள்ளிக்குப் பட்டயம் வழங்கப்பட்டதும் பேரரசின் தேவை கருதியே. 1957-இல் உருசியர் செயற்கைக்கோளை விண்ணிற் செலுத்தினர். மறு ஆண்டே அமெரிக்கா நாட்டுக் காப்புக் கல்விச் சட்டம் இயற்றி, அயன்மொழிப் பயிற்சிக்கும் நில ஆய்வு நடுவங்களுக்கும் பொருள் வழங்கியது. கல்விச் சட்டத்தின் பெயரிலேயே ‘காப்பு’ வந்து நிற்கும் கரணியம் விளங்குகின்றதா? ஆள நினைத்தவனும் பகைவனை அளக்க நினைத்தவனும் மொழியின்றி ஆகாதென்று உணர்ந்திருந்தான். அன்போடு அறிய வருபவனுக்கு மட்டும் மொழி வேண்டாவாம்!

‘மொழிபெயர்ப்புகள் உளவே’ என்பர் சிலர். அவற்றைச் செய்தவர் யாவர்? மொழி கற்றவரல்லரோ! 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட போப்பு, தமிழ்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்து தமிழ் கற்றவர். 1961-இல் பர்ரோவும் எமனோவும் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகரமுதலிக்குப் பின்னே, எமனோ 1930-களில் நீலமலைத் தோடரிடையும் கோத்தரிடையும் இருந்து கேட்டெழுதிய உழைப்பு உள்ளது. மொழி கற்பார் அருகினால், நாளை மொழிபெயர்ப்பார் எங்கிருந்து வருவர்?

ஒரு சான்று காட்டுவேன். இலங்கையின் காலி நகரில் 1911-இல் ஒரு கல் கிடைத்தது. இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. 1409-ஆம் ஆண்டுக் குறிப்புடைய அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழிப் பொறிப்பு உண்டு. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகின்றது. தமிழ்ப் பகுதி திருமாலைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி அல்லாவைப் போற்றுகின்றது. ஒரு மொழியே அறிந்தவன் அங்கே ஒரு கடவுளையே காண்பான். ஒரு மொழியும் அறியாதவன் வெறுங்கல்லையே காண்பான்!

குற்றம் அயலார் மேல் மட்டுமன்று. ஆர்வர்டுப் பல்கலைக்கழகத் தமிழிருக்கைக்குத் தமிழ்நாட்டரசு 10 கோடி உருவா வழங்கிற்று. உலகத் தமிழரும் அள்ளிக் கொடுத்தனர். நன்றே! பிறர் நம்மைக் கற்கப் பொருள் கொடுத்த நாம், பிறரைக் கற்க நம் பிள்ளைகளில் எத்துணைப் பேரை விடுத்தோம்? சுமத்திராவில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்துள்ளது. சீனத்துச் சுவான்சௌ நகரில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்துள்ளது. கடல் கடந்த முன்னோர் அந்நிலத்து மொழி அறியாமலா வணிகம் நடத்தினர்? அவர் வழிவந்த நாமோ, நிலத்தை விற்றேனும் பிள்ளையைப் பொறியியலிற் சேர்க்கின்றோம்; மலாயும் சீனமும் சிங்களமும் கற்கப்போகும் மகளைப் பார்த்துச் சோற்றுக் கணக்குக் கேட்கின்றோம்!

அம்மாணவிக்கு நான் சொன்னது இது: “படி, அம்மா. ஆனால், முதல் நாள் தொட்டு ஒரு மொழியைப் பற்றிக்கொள். மூன்றாண்டும் அதனை விடாதே. அம்மொழி வழங்கும் ஊரிற் சில திங்களேனும் தங்கு. உன் தமிழையும் மறவாதே. தன்மொழி அறியாதவர்க்குப் பிறர்மொழியின் அருமை புலப்படாது. மொழியைக் கட்டாயமாக்காத பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடாதே!” அவள் தந்தையாரிடமும் சென்று பேசினேன். பொறியாளர்க்குரிய ஊதியம் உடனே வாராதென்பதை மறைக்கவில்லை. இரு மொழியை ஆழக் கற்றவர் பட்டினி கிடக்கமாட்டார் என்பதையும் சொன்னேன். எண்ணிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பெற்றோரே, நீங்களும் எண்ணிப் பாருங்கள்! நிலம் கற்பார் மொழி கற்க. மொழி கல்லார் பெறும் பட்டம் வெறுந்தாளே!